ஃபாரோவின் ஆட்களைத் தேடி: எகிப்துப் பயணக் குறிப்புகள்

கெய்ரோ, சனிக்கிழமை

எகிப்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அரசர்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அண்ணனும் இந்தத் தடவை அரசர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களைப் பார்ப்பது என்று முடிவு செய்து கிளம்பியிருக்கிறோம். காரணம் இருக்கிறது. பழைய எகிப்தின் 3000 வருட வரலாற்றில் மைய ஆட்சி மூன்று தடவை உடைந்து சிதறியது. ஆனால் எந்த அரசனும் தன் கோயில் சுவரில் 'என் பேச்சு எடுபடவில்லை' என்று எழுதிவைக்க மாட்டான். நாடே கையைவிட்டுப் போனாலும் அவன் சுவரில் எதிரிகளை மிதித்துக்கொண்டுதான் நிற்பான். அமைச்சர், மாகாணத் தலைவர், பூசாரி ஆகியோரின் சுவர்கள் அப்படியில்லை. தன் பெருமையைச் சொல்லும்போது அரசனை எவ்வளவு தூரம் துணைக்கு அழைக்கிறார்கள் என்பதை வைத்தே அந்தக் காலத்து மையம் எப்படி இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அண்ணன் நெல் கொள்முதல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தானியம், அளவை, பதிவேடு என்றால் அவருக்குத் தனி ஈடுபாடு. எகிப்தில் நாணயம் இல்லாத காலம் அது. சம்பளம் என்றால் கோதுமை, பார்லி, ரொட்டி, பீர். இந்த விஷயத்தில் என்னைவிட அவர் பார்வைதான் உதவும் என்று நினைக்கிறேன்.

இன்று தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகம். முதலில் நார்மர் பலகை. கி.மு. 3100 வாக்கில் செதுக்கியது, உயரம் 64 செ.மீ. ஒரு பக்கத்தில் அரசனுக்குத் தெற்கின் வெள்ளைக் கிரீடம், மறுபக்கத்தில் வடக்கின் சிவப்புக் கிரீடம். தலை வெட்டப்பட்ட உடல்கள் இரண்டு வரிசையாக, தலைகள் கால்களுக்கு நடுவே வைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அதன் முன்னால் எப்போதும் கூட்டம்.

எங்களை அதிக நேரம் நிற்கவைத்தது வேறொன்று. மென்கௌரேயின் மூவர் சிலைகள். மூன்றாவது கீஸா பிரமிடைக் கட்டியவர் இவர். நடுவில் அரசன், ஒரு பக்கம் ஹாதோர் தேவி, மறுபக்கம் ஒரு மாகாணம். ஆமாம், மாகாணமே ஆள் உருவத்தில் நிற்கிறது. தலைக்கு மேல் அந்த மாகாணத்தின் சின்னம். கருஞ்சாம்பல் கல்லில் அரசனின் தோளும் முழங்காலும் பளபளக்கின்றன. மாகாணம் கொஞ்சம் குள்ளம். "பாருப்பா, ஜில்லாவையே பக்கத்தில் நிறுத்தி வச்சிருக்கான்," என்றார் அண்ணன். கி.மு. 2500 வாக்கில் நிலைமை இதுதான். மாகாணத்துக்குச் சொந்தக் குரல் கிடையாது. அரசன் பக்கத்தில் நின்று அவனுக்குப் படையல் கொடுப்பதே அதன் வேலை.

சக்காரா, ஞாயிற்றுக்கிழமை

காலையில் கீஸாவை வேகமாக முடித்துக்கொண்டோம். கூஃபுவின் பிரமிடைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்குக் கல் ஏற்றிவந்த மெரேர் என்ற படகுத் தலைவனின் நாள்குறிப்பு 2013-ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்தது. துரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றியது, எங்கே இரவு தங்கியது, கீஸாவில் எப்போது இறக்கியது என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறான். அதில் ஆண்டைக் குறிப்பது கால்நடைக் கணக்கெடுப்பை வைத்து. 'பதின்மூன்றாவது கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு' என்கிற மாதிரி. வரிக் கணக்குதான் நாட்காட்டி! அரசின் எண்ணும் கை கடைசி மாட்டுத் தொழுவம் வரை நீண்டிருந்ததால்தான் 146 மீட்டர் உயரத்துக்குக் கல் ஏறியது.

சக்காராவில் ஜோசரின் படிப் பிரமிடைச் சுற்றிவிட்டு நேராக மெரெருக்காவின் மஸ்தபாவுக்கு, அதாவது தட்டைக் கூரைக் கல்லறைக்கு, போனோம். இவர் ஆறாம் வம்சத்து முதல் அரசன் தெத்தியின் தலைமை அமைச்சர், கூடவே மாப்பிள்ளையும். கல்லறையில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். மனைவிக்கும் மகனுக்கும் தனித்தனிப் பகுதி. ஒரு மாடத்திலிருந்து அவருடைய முழு உருவச் சிலை வெளியே நடந்து வருகிறது, கீழே இறங்கப் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த காட்சி ஒரு பக்கச் சுவரில் இருக்கிறது. ஊர்த் தலைவர்களை வரிக் கணக்குக்கு இழுத்து வருகிறார்கள். பிடரியில் கைவைத்துத் தள்ளுகிறான் ஒருவன். முன்னால் எழுத்தர்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள், மடியில் தாள், காதில் சொருகிய எழுதுகோல். பாக்கி வைத்தவனை ஒரு கம்பத்தோடு சேர்த்துக் கட்டி இரண்டு பேர் அடிக்கிறார்கள். அடிபடுகிறவனின் முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. எழுத்தர்களில் ஒருவரும் தலை நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. அண்ணன் வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "வசூல் நடக்கிற வரைக்கும் சர்க்கார் நடக்கும். ஆனா இந்த வசூல் யார் சுவத்துல இருக்கு பாரு," என்றார்.

அதுதான் விஷயம். நாலாம் வம்சத்தில் தலைமை அமைச்சர் பதவி அரச குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ஐந்தாம் வம்சத்தில் அது வெளியாட்களுக்குப் போகிறது. பங்காளிகளிடம் அதிகாரம் போய்விடக் கூடாது என்று வெளியாளிடம் கொடுத்திருக்கலாம். வெளியாள் பெரிய ஆளானதும் அவனைக் கட்டிப்போட வழி வேண்டும், பெண்ணைக் கொடுத்தார்கள். தெத்தியின் மகன் முதலாம் பெப்பி இன்னும் ஒரு படி இறங்கிப் போய், அபிடோஸைச் சேர்ந்த ஒரு மாகாணக் குடும்பத்தில் இரண்டு பெண்களை மணந்தார். அவர்களுடைய சகோதரன் ஜாவு தலைமை அமைச்சர் ஆனார்.

இன்னொரு பக்கம், கோயில்களுக்கும் பழைய அரசர்களின் பிரமிடு ஊர்களுக்கும் நிலத்தை இறையிலியாக எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஊர் ஆட்களை வேலைக்குப் பிடிக்கக் கூடாது, இந்த நிலத்தில் வரி எடுக்கக் கூடாது என்று கல்லில் வெட்டிய ஆணைகள் குப்தோஸில் வரிசையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் அரசனின் கருணையாகத்தான் அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் அரசனின் களஞ்சியத்துக்கு வரவேண்டிய ஒரு மூட்டையை நிரந்தரமாக வழிமறிக்கிறது. 'பழைய அரசு' எனப்படும் இந்தப் பிரமிடுக் காலத்து ஆட்சியைப் பகைவன் படையெடுத்து வந்து வீழ்த்தவில்லை. கொடுத்துக் கொடுத்தே கஜானா மெலிந்தது என்பதுதான் என் கட்சி.

மாலை வெயிலில் தெற்கே இரண்டாம் பெப்பியின் பிரமிடைத் தூரத்திலிருந்தே பார்த்தோம். கட்டியபோது 52 மீட்டர், இப்போது சரிந்த மேடு. ஆறு வயதில் பட்டத்துக்கு வந்து 94 வருடம் ஆண்டதாகப் பழைய மரபு. அறுபத்துச் சொச்சம்தான் இருக்கும் என்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் பிள்ளைகளும் அதிகாரிகளும் அவருக்கு முன்பே முதுமையடைந்து செத்திருப்பார்கள். அதே பகுதியில் எட்டாம் வம்சத்து இபியின் பிரமிடு இருக்கிறது. உயரம் 21 மீட்டர்தான் வந்திருக்கும். மெம்ஃபிஸைத் தலைநகராகக் கொண்ட அரசர்கள் கட்டியதில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பிரமிடு அதுதான்.

அஸ்வான், செவ்வாய்க்கிழமை

திங்கள் இரவு முழுக்க ரயில். தூக்கம் சரியில்லை, ஆனால் விடியும்போது ஜன்னலுக்கு வெளியே கரும்பும் பேரீச்சையும் அப்புறம் நைலும் வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு கிலோமீட்டர் பச்சை, அதற்கு அப்பால் சட்டென்று பாலைவனம். இந்த நாடு மொத்தமுமே ஒரு கயிறு மாதிரி நீளம். கயிற்றின் வடமுனையில் தலைநகர், தென்முனையில் அஸ்வான். நடுவே எங்கே அறுந்தாலும் தென்முனைக்குச் செய்தி வராது.

படகில் அக்கரை போய், குப்பெத் எல்-ஹவா குன்றில் ஏறினோம். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள், செங்குத்தான ஏற்றம். எல்லைக் காவல் அதிகாரிகளின் கல்லறைகள் குன்றின் இடுப்பில் வரிசையாகக் குடையப்பட்டிருக்கின்றன. இங்கேயே ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் பெரிய அதிகாரி என்றால் அரசனின் பிரமிடு நிழலில் கல்லறைக்கு இடம் கேட்பான். ஆறாம் வம்சத்தில் மாகாணத் தலைவர்கள் சொந்த ஊரிலேயே படுத்துக்கொண்டார்கள். பதவி அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனது.

ஹார்க்ஹுஃபின் கல்லறை சின்னதுதான். உள்ளே பார்க்க அதிகம் இல்லை. வாசல் முகப்பு முழுக்க எழுத்து. மணற்கல் காற்றில் அரித்து, சில இடங்களில் விரலால் தடவினால் உதிர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எகிப்தின் தெற்கு எல்லையில் உள்ள நூபியாவுக்கும் தெற்கே யாம் என்ற நாட்டுக்கு நான்கு தடவை போய்வந்தவர் இவர். ஒரு பயணத்தில் சாம்பிராணி, கருங்காலி, சிறுத்தைத் தோல், யானைத் தந்தம் எல்லாம் ஏற்றிய 300 கழுதைகளோடு திரும்பியதாகச் சொல்கிறார்.

வாசலின் வலது பக்கத்தில் ஒரு கடிதம் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுதியது இரண்டாம் பெப்பி, அப்போது சின்னப் பையன். நடனமாடும் ஒரு குள்ள மனிதனைக் கூட்டிவருவதாக ஹார்க்ஹுஃப் தகவல் அனுப்பியிருக்கிறார். பையனுக்குத் தாங்கவில்லை. உடனே அரண்மனைக்கு வா. அவனை உயிரோடு, நலமாகக் கொண்டுவா. படகில் ஏறும்போது தண்ணீரில் விழாமல் இரண்டு பக்கமும் நம்பிக்கையான ஆட்களை நிறுத்து. தூங்கும்போது இரவில் பத்துத் தடவை எழுந்து பார். சினாயிலிருந்தும் புண்ட் நாட்டிலிருந்தும் வரும் பொருள்களைவிட அவனைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. சாரம் இதுதான்.

நாலாயிரம் வருடம் தாண்டி ஒரு குழந்தையின் அவசரம் அப்படியே கேட்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஹார்க்ஹுஃப் ஏன் இதை வாசலில் வெட்டினார்? அரசனின் கையெழுத்து தனக்கு வந்தது என்பதே அவருக்கு ஆயுளின் பெரிய சொத்து. 800 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஒரு பையனின் சொல் இந்தக் குன்றில் அன்றைக்கு எடுபட்டது.

அடுத்த தலைமுறையில் இதே குன்றைச் சேர்ந்த ஹெகாயிபை எடுத்துக்கொள்ளுங்கள். இவரும் பெப்பியின் அதிகாரிதான். செத்த பிறகு மக்கள் இவரைத் தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள். எதிரே எலஃபன்டைன் தீவில் கோயில் எழுந்தது. பின்னால் வந்த அரசர்களே அதில் சிலை வைத்தார்கள்.

அஸ்வானிலிருந்து லக்ஸர், புதன்கிழமை

கார் பிடித்தோம். கோம் ஓம்போ, எட்ஃபு இரண்டையும் தாண்டிவிட்டோம். அவை மிகப் பிந்திய, கிரேக்க வம்சத்துத் தாலமிகள் காலத்துக் கோயில்கள், அழகானவைதான், நமக்கு இன்று நேரமில்லை.

லக்ஸருக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் தெற்கே மொஆல்லா. சாலையோரம் பிரமிடு வடிவத்தில் தானாக அமைந்த ஒரு குன்று. காவலர் சாவி கொண்டுவந்து கதவைத் திறந்தார். எங்களைத் தவிர அன்றைக்கு ஒருவரும் வரவில்லை என்றார். இது அங்க்திஃபியின் கல்லறை. இந்தப் பயணத்தில் நான் பார்த்தே தீரவேண்டும் என்று நினைத்த இடம் இது ஒன்றுதான்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது தூண்கள். ஒன்றுகூட இன்னொன்றைப் போல் இல்லை. ஒன்று உருண்டை, ஒன்று பட்டை, ஒன்று சாய்ந்து நிற்கிறது. பாறையின் போக்குக்கு வெட்டியிருக்கிறார்கள். மெரெருக்காவின் சுவரில் இருந்த நேர்கோடு இங்கே இல்லை. அரண்மனைப் பட்டறையில் பழகிய கை இங்கே வரவில்லை என்பது பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் வண்ணம்! மீன் குத்தும் காட்சியில் மஞ்சளும் பச்சையும் நேற்றுப் பூசியதுபோல் இருக்கின்றன. மாடுகளுக்குப் புள்ளி, கோடு என்று மனம்போன போக்கில் விளையாடியிருக்கிறார் ஓவியர். எனக்கு இந்த ஓவியம் ரொம்பப் பிடித்திருந்தது.

தூண்களில் எழுதியிருப்பது அவருடைய மெய்க்கீர்த்தி. நான் மனிதரின் தொடக்கம், மனிதரின் முடிவு, என்னைப் போல் ஒருவன் பிறந்ததில்லை, பிறக்கப் போவதுமில்லை என்கிறார். ஹியராகோன்போலிஸின் தலைவராக இருந்தவர், எட்ஃபுவையும் எடுத்துக்கொண்டார். தெய்வம் தன்னை அங்கே கொண்டுபோய் ஊரைச் சீர்ப்படுத்தச் சொன்னது என்கிறார். ஹோரஸ் சொன்னாராம், அரசன் சொல்லவில்லை. தீப்ஸோடு (இன்றைய லக்ஸர்) சண்டை போட்டதையும் சொல்கிறார். பிறகு பஞ்சம் வருகிறது. மேல் எகிப்து (நாட்டின் தென்பகுதி) முழுவதும் பசியில் செத்தது, பெற்ற பிள்ளையையே தின்னும் அளவுக்குப் போனது, ஆனால் என் மாகாணத்தில் ஒருவரையும் பசியில் சாகவிடவில்லை, தானியத்தை வடக்கேயும் தெற்கேயும் அனுப்பினேன் என்கிறார்.

இவ்வளவு எழுத்திலும் அரசனின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. நெஃபெர்காரே. அவனுக்காக நைல் பெருகட்டும் என்று ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். அரசனிடமிருந்து கடிதமில்லை, பதவி நியமனமில்லை, பரிசில்லை.

அண்ணன் கேட்டார்: "பஞ்ச காலத்துல குடோன் சாவி யார்கிட்ட இருக்கோ அவன்தானே ராஜா?" அங்க்திஃபியின் வாதமும் அதேதான். கி.மு. 2200-ஐ ஒட்டிப் பருவநிலை வறண்டது, நைல் வெள்ளம் குறைந்தது என்பதற்கு மண் படிவங்களில் சான்று உண்டு. ஆனால் வெள்ளம் குறைந்ததாலேயே அரசு விழுந்தது என்று முடிச்சுப் போடுவதை நான் ஏற்கவில்லை. வெள்ளம் முன்பும் தவறியிருக்கும். ஒரு மாகாணத்தில் விளைந்ததை இன்னொரு மாகாணத்துக்கு நகர்த்தும் கை மையத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம். அந்தக் கையைத்தான் இறையிலியும் பரம்பரைப் பதவியும் சேர்ந்து ஏற்கெனவே முடமாக்கியிருந்தன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய அரசு விழுந்து நாடு மறுபடி ஒன்றுசேரும் வரையிலான இந்த இடைக்காலத்தை இருட்டு என்றே பாடப் புத்தகங்கள் எழுதிவந்தன. ஆனால் மாகாணத்து இடுகாடுகளைத் தோண்டியவர்கள் கண்டது வேறு. சாதாரண ஆட்களின் குழிகளில் மணிகளும் முத்திரைகளும் நல்ல பானைகளும் கூடுகின்றன. சக்காராவில் உனாஸின் பிரமிடுக்குள் அரசனுக்கு மட்டும் எழுதப்பட்ட மறுமை மந்திரங்கள், கொஞ்சம் மாறி, மாகாணத்து ஆட்களின் சவப்பெட்டிகளில் ஏறுகின்றன. தலைநகர் வறுமைப்பட்ட காலத்தில் ஊர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கின்றன. பஞ்சத்தைப் பற்றிய வரிகளும் உண்மையாக இருக்கலாம், இதுவும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லக்ஸர் மேற்குக் கரை, வியாழக்கிழமை

காலை முதல் படகில் அக்கரை. ஹட்ஷெப்சுத் கோயிலின் மேல் தளத்தில் நின்று தெற்குப் பக்கம் பார்த்தால் ஒரு பழைய இடிபாடு தெரியும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அது இரண்டாம் மென்டுஹோதெப்பின் கோயில். தீப்ஸின் சிற்றரசனாகப் பட்டத்துக்கு வந்து, வடக்கே ஹெராக்லியோபோலிஸில் இருந்த போட்டி அரசை முறியடித்து, கி.மு. 2050-ஐ ஒட்டி நாட்டை மறுபடி ஒன்று சேர்த்தவர். அவர் தன் பட்டப்பெயரை ஆட்சிக் காலத்திலேயே மாற்றிக்கொண்டே போனார். கடைசியாக வைத்துக்கொண்டது 'இரு நாட்டையும் இணைத்தவன்'. 51 வருடம் ஆண்டார்.

நாங்கள் அங்கிருந்து எண்ணூறு வருடத்தை ஒரே தாவாகத் தாவி ராமெஸியத்துக்குப் போனோம். இரண்டாம் ராம்செஸின் விழுந்து கிடக்கும் பெரிய சிலையை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் சுற்றிப் போனால் களஞ்சியங்கள். பச்சை மண் செங்கல்லில் வளைவுக் கூரை, ஒன்றை ஒட்டி ஒன்றாக நீளமான அறைகள். செங்கல்லில் வைக்கோல் துணுக்கு இன்னும் தெரிகிறது. சாரம் கட்டாமல் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து வளைவு எழுப்பியிருக்கிறார்கள். அண்ணன் காலடியால் அகலத்தை அளந்தார், உயரத்தைக் கண்ணால் அளந்தார், "எவ்வளவு மூட்டை போகும்!" என்று வியந்துகொண்டே இருந்தார். கோயில் என்றால் சாமி கும்பிடும் இடம் என்பதோடு நின்றுவிடக் கூடாது. ராம்செஸ்கள் ஆண்ட இந்தப் 'புதிய அரசு' காலத்தில் மேற்குக் கரையின் தானியப் பெட்டி இதுதான்.

அங்கிருந்து தேர் எல்-மெதினா. அரசர் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்களின் ஊர். மதிலுக்குள் அறுபத்துச் சொச்சம் வீடுகள், இடுப்பளவுச் சுவர்கள் நிற்கின்றன. தெரு ஒன்றுதான், கை இரண்டையும் நீட்டினால் சுவர் தட்டுகிறது. இவர்கள் முழுக்க அரசின் ஆட்கள். தண்ணீர்கூட ஆள் சுமந்து கொண்டுவந்தாக வேண்டும். ஒரு தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூட்டை தானியம் கூலி, ஏறக்குறைய 400 லிட்டர்.

மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், கூலி வரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாள் ஓடிவிட்டது, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு இவர்கள் காவல் சுவர்களைத் தாண்டி வெளியே போய் ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பின்பு நாங்கள் காலையில் நின்ற அதே ராமெஸியத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, எங்கள் தலைவன் ஃபாரோவுக்கு எழுதுங்கள் என்றார்கள். உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். அதை எழுதிய தாள் இன்று இத்தாலியின் தூரினில் இருக்கிறது. தலைமை அமைச்சர் தோ அனுப்பிய பதிலின் சாரம்: களஞ்சியத்திலேயே ஒன்றுமில்லை, கிடைத்ததைத் தருகிறேன். தந்தது பாதிக் கூலி.

இதே அரசனின் கோயில் மெதினெத் ஹாபு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு சுவரில், கடல் வழியே வந்து தாக்கிய 'கடலோடி மக்களை' முறியடித்த போர்க் காட்சி. இன்னொரு சுவரில் திருவிழா நாட்காட்டி, எந்தெந்த நாளில் எத்தனை ரொட்டி, எத்தனை குடம் பீர், எத்தனை மூட்டை தானியம் என்று மீட்டர் கணக்கில் ஓடுகிறது. நான் அந்தச் சுவரின் முன் நின்று கோபப்பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை. தானியம் நாட்டில் இல்லாமல் இல்லை. அது அரசனின் கைக்கு வராத இடத்தில் இருந்தது.

சில பத்தாண்டுகளில் கல்லறைக் கொள்ளை தொடங்கிவிட்டது. ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் பிடிபட்ட அமென்பனெஃபெர் என்ற கல்தச்சனின் வாக்குமூலம் நம்மிடம் இருக்கிறது. பிடிபட்டதும் தன் பங்குத் தங்கம் 20 தெபெனை (தெபென் என்பது அன்றைய எடை அளவு) அப்படியே ஒரு எழுத்தரிடம் கொடுத்தானாம். அவர் விட்டுவிட்டாராம். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்து அவன் நட்டத்தை ஈடுகட்டினார்களாம்.

கர்னக், வெள்ளிக்கிழமை

134 தூண்கள் நிற்கும் மண்டபத்தில் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்க நின்றோம். நடுவில் உள்ள பன்னிரண்டும் 21 மீட்டர் உயரம். அதைப் பற்றி எழுதி மாளாது, விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் ராம்செஸ் சாகும்போது கோயில்களுக்குக் கொடுத்ததைப் பட்டியலிட்ட ஒரு தாள்சுருள் இருக்கிறது. நீளம் 41 மீட்டர். தீப்ஸின் பெருந்தெய்வம் அமுனின் சொத்துக்கு மட்டும் 86,486 ஆட்கள். நேற்றுப் பார்த்த பசி எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இதில் பாதி இருக்கிறது.

ஏழாவது கோபுர வாசல் பக்கம் தெற்கே போனால் ஒரு சுவர். ஒன்பதாம் ராம்செஸும் அமுனின் தலைமைப் பூசாரி அமென்ஹோதெப்பும் எதிரெதிரே நிற்கிறார்கள். அரசன் பூசாரிக்கு வெகுமதி தருகிறான். எகிப்தியச் சிற்பத்தில் அளவு என்பது அந்தஸ்து. அரசன் முழங்காலுக்குத்தான் மற்றவர்கள் வருவார்கள். இங்கே இருவரும் ஒரே உயரம். நான் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்து, தலைக்கு நேராகத் தலையைப் பார்த்தேன். பூசாரியின் தோளில் குறை இல்லை. வெகுமதி தருபவன் யார், வாங்குபவன் யார் என்று தெரியாதவரிடம் காட்டினால் சொல்ல முடியாது.

இதன் அடுத்த கட்டம் இதே கர்னக்கில் உள்ள கோன்சு கோயிலில் இருக்கிறது. உள் மண்டபத்தில் ஹெரிஹோர், பதினோராம் ராம்செஸின் முன் பூசாரியாக நிற்கிறார். முன் முற்றத்துக்கு வந்தால் அவரே அரசன். பெயரைச் சுற்றி அரசருக்கே உரிய நீள்வட்டம். அந்த வட்டத்துக்குள் பட்டப்பெயராக அவர் வெட்டிக்கொண்டது என்ன தெரியுமா? 'அமுனின் தலைமைப் பூசாரி'. வேறு எந்தப் பெயரையும் அவர் தேடவில்லை. கி.மு. 1070 வாக்கில் வடக்கே தானிஸில் ஓர் அரசன், தெற்கே இங்கே பூசாரிகளின் ஆட்சி என்று நாடு இரண்டானது.

மின்யா, ஞாயிற்றுக்கிழமை

நேற்று லக்ஸரிலிருந்து ரயில். மின்யாவில் வெளிநாட்டுப் பயணிகளோடு காவலர் ஒருவர் கூடவே வருகிறார். நல்ல மனிதர். டீக்கு எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

பெனி ஹசன் மறுகரையில், செங்குத்துப் பாறையின் நடுவில். படி ஏறி நின்றால் கீழே வயலும் ஆறும் ஒரே பார்வையில் வருகின்றன. இங்கே 39 கல்லறைகள், நான்கைத் திறந்துவிடுகிறார்கள். இவர்கள் மத்திய அரசு காலத்து மாகாணத் தலைவர்கள், அதாவது மென்டுஹோதெப் நாட்டைச் சேர்த்த பிறகு வந்தவர்கள். மல்யுத்தக் காட்சிகளுக்காகத்தான் கூட்டம் வருகிறது. பிடி பிடியாக, ஒரு சுவர் நிறைய. ஆனால் நாங்கள் தேடி வந்தது எழுத்தை.

அமெனி என்கிற அமெனெம்ஹத்தின் வாசலில், முதலாம் செனுஸ்ரெத்தின் 43-ஆம் ஆண்டு என்று தேதி போட்டுத் தொடங்குகிறது. தேதி அரசனுடையது! அரசனோடு நூபியாவுக்குப் படை போனேன், அரண்மனைக்குச் சேரவேண்டியதை எல்லாம் சேர்த்தேன், அவருடைய எந்த அலுவலகத்திலும் என் பேரில் பாக்கி இல்லை என்கிறார். பிறகு அங்க்திஃபியின் தொனி கொஞ்சம் வருகிறது. விதவையை வருத்தவில்லை, மேய்ப்பனை விரட்டவில்லை, பஞ்சம் வந்தபோது மாகாணத்தின் எல்லா வயலையும் எல்லைக்கு எல்லை உழுவித்தேன். அப்புறம் நைல் நன்றாகப் பெருகி விளைந்தபோது, பழைய வயல் பாக்கியை நான் வசூலிக்கவில்லை. அண்ணன் இந்த வரியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். "இது தெரிஞ்ச ஆளுப்பா. விளைஞ்ச வருஷத்துல பழைய பாக்கியையும் கேட்டா விவசாயி எழுந்திரிக்கவே மாட்டான்," என்றார்.

பக்கத்தில் இரண்டாம் குனும்ஹோதெப்பின் கல்லறை. சுவரின் அடிப்பாகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட செங்குத்து வரிகள். தன் தாத்தாவுக்கு முதலாம் அமெனெம்ஹத் எப்படிப் பதவி கொடுத்தார் என்று விவரிக்கிறார். அரசன் நேரில் வந்தார், ஓர் ஊர் இன்னோர் ஊரிடமிருந்து பறித்ததைத் திருப்பினார், பழைய பதிவுகளைப் பார்த்து எல்லைக்கல் நட்டார், ஆற்றை நடுவோடு பிரித்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மைய அரசு திரும்பி வந்ததை யாரும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். எல்லைத் தகராறைத் தீர்க்க ஒருவன் வந்தான், அவன் சொல்லை இரு பக்கமும் ஒத்துக்கொண்டது. தலைவன் குடும்பம் அப்படியே இருக்கட்டும், எல்லையும் தண்ணீரும் கணக்கும் என் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதுதான் அமெனெம்ஹத்தின் ஏற்பாடு.

இந்தப் பெரிய கல்லறைகள் பிறகு நின்றுபோகின்றன. மூன்றாம் செனுஸ்ரெத் மாகாணத் தலைவர்களை ஒரே வெட்டாக ஒடுக்கினார் என்று முன்பு எழுதினார்கள். அப்படி ஓர் ஆணையோ போரோ எந்தக் கல்லிலும் இல்லை. இருப்பது வேறு. இரண்டாம் குனும்ஹோதெப்பின் மகன், அவன் பெயரும் குனும்ஹோதெப்தான், சின்ன வயதிலேயே அரண்மனை வேலைக்குப் போனான், தலைமை அமைச்சராக உயர்ந்தான். அவனுடைய கல்லறை இங்கே இல்லை. தாஷூரில், மூன்றாம் செனுஸ்ரெத்தின் பிரமிடுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டான். பிள்ளைகளைத் தலைநகருக்கு எடுத்துக்கொண்டார்கள், ஊரில் அந்தப் பதவிக்கு ஆள் இல்லாமல் போனது. இங்கே கடைசியில் தொடங்கிய கல்லறை ஒன்று முடிக்கப்படாமலே நிற்கிறது, முகப்பில் ஒரு தூண் மட்டும்.

இது புத்திசாலித்தனமான வழி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அடுத்து வந்த பதின்மூன்றாம் வம்சத்தில் சுமார் நூற்றைம்பது வருடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசர்கள் வந்து போனார்கள். அவர்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அன்கு என்ற ஒரே ஆள் தலைமை அமைச்சராக இருந்தார். அவர் அப்பாவும் தலைமை அமைச்சர், பிள்ளைகளும் அதே பதவிக்கு வந்தார்கள்.

காலையில் கெய்ரோ ரயில். வழியில் இறங்கி லிஷ்த் பக்கம் போய், அமெனெம்ஹத் கட்டிய இத்ஜ்-தாவி தலைநகர் இருந்த வயல்களைப் பார்க்கலாமா என்று அண்ணன் இப்போதுதான் காவலரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.